ஆடிட்டராக இருந்தார், அரசியலுக்குப் போனார், இப்போது ஆலைக்காரர்கள் அமைப்பில்: இது சரியா?

மேல்புறத்துக்காரன்:

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் இருபத்தைந்து வருஷம் ஆடிட்டராக இருந்த ஒருவரைப் பற்றித்தான் கேட்க வந்தேன். பெயர் வேண்டாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் பலவற்றுக்கும், ஒன்றிரண்டு அண்டி ஆபீசுகளுக்கும் (முந்திரி ஆலைகள்), ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்காரர்களுக்கும் கணக்குப் பார்த்தவர். அப்புறம் தேர்தலில் நின்று ஐந்து வருஷம் பேரூராட்சித் தலைவராக இருந்தார். ஒரு முறை சட்டமன்றத்துக்கும் நின்றார், ஜெயிக்கவில்லை. இப்போது ரப்பர் பொருள் செய்யும் ஆலைக்காரர்களின் அமைப்பு ஒன்று அவரைச் சம்பளத்துக்கு நிர்வாகத் தலைவராக எடுத்திருக்கிறது. போன வாரம்தான் தெரியவந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இதே மனுஷர் குலசேகரத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் மேடையேறி, ரப்பர் இறக்குமதி வரியில் ஒரு பைசா குறைக்க விடக்கூடாது என்று பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், கையும் தட்டினேன். அந்த வரியைக் குறைக்கச் சொல்லித்தான் ஆலைக்காரர்கள் வருஷா வருஷம் டெல்லிக்கு மனு கொடுக்கிறார்கள். இனி அந்த மனுவை எழுதப்போவது இவர்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். கட்சி பேச வேண்டாம்.

பேரேடு:

நானும் அதே தொழில்தான், நாகர்கோவிலில். அதனால் முதலில் விதி என்ன என்று சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம்.

1949-ஆம் வருஷப் பட்டயக் கணக்கர் சட்டப்படி, பிராக்டிஸ் செய்கிற சி.ஏ., அதாவது பட்டயக் கணக்கர், அந்தத் தொழிலைத் தவிர வேறு தொழிலோ வியாபாரமோ செய்ய வேண்டுமென்றால் எங்கள் தொழிலை நெறிப்படுத்தும் இன்ஸ்டிட்யூட்டின் அனுமதி வேண்டும். எம்.எல்.ஏ., எம்.பி. மாதிரித் தேர்தலில் ஜெயித்து வரும் பதவிகளுக்குப் பொது அனுமதி இருக்கிறது. ஆகவே அரசியலுக்குப் போனதில் குற்றம் ஏதும் இல்லை. முழுநேரச் சம்பள வேலைக்குப் போகிறவர், தனி அனுமதி வாங்கவில்லை என்றால், பிராக்டிஸ் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் கொடுத்துவிட்டார் என்றே கேள்விப்பட்டேன். இன்னொன்று, வாடிக்கையாளருடைய கணக்கில் பார்த்ததை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வது எங்கள் சட்டத்தில் தொழில்முறைக் குற்றம். நடவடிக்கை எடுத்துப் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

மேடையில் ஒன்று பேசினார், இப்போது வேறு இடத்தில் வேலை என்கிறீர்கள் அண்ணன். வக்கீல் இன்று ஒருவருக்காக வாதாடுவார், நாளை அதே மாதிரி வழக்கில் எதிர்த்தரப்புக்கு வாதாடுவார். அவரை நாம் துரோகி என்று சொல்வதில்லையே. தொழில் தெரிந்தவரைத் தொழில் அமைப்பு கூப்பிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வெட்டுக்கத்தி:

வக்கீலை நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை சார்.

மேல்புறத்துக்காரன்:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

வரி விஷயம் தெரியாதவர்களுக்கு: இயற்கை ரப்பர் இறக்குமதிக்கு 2015 முதல் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது வரி. ஆசியான் நாடுகளோடு போட்ட ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதும் இயற்கை ரப்பரை விலக்குப் பட்டியலில் வைத்தார்கள், அதனால் தப்பித்தோம். ஆனால் ரப்பரோடு வேறு பொருளைக் கலந்து காம்பவுண்ட் ரப்பர் என்ற பெயரில் கொண்டுவந்தால் 10 சதவீதம்தான் என்று ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தை 2023 பட்ஜெட்டில்தான் அடைத்தார்கள், அதையும் 25 ஆக்கினார்கள். அதற்குள் எத்தனை பேர் மரத்தை வெட்டி விற்றுவிட்டு அன்னாசி நட்டார்கள் என்று கடையாலுமூடு, களியல் பக்கம் போய்ப் பாருங்கள். 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை விற்ற ஷீட் 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்குக் கீழே போயிற்று. என் தங்கை கல்யாணம் அந்த வருஷம்தான். விலை ஏறும் என்று, ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் நாலு மாதம் அடுக்கி வைத்திருந்த ஷீட்டைக் கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம்.

ஆகவே எனக்கு இது கொள்கைப் பேச்சு இல்லை.

அருமனைக்காரி:

இங்கே பேசுகிறவர்களில் எத்தனை பேர் அவரை நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். அப்பா போன பிறகு அம்மாதான் ரப்பர் பாலை எடுத்துக்கொண்டு போய்ச் சங்கத்தில் ஊற்றுவார். பாலை எடை போட்டதும், அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்து எழுதுவார்கள். டி.ஆர்.சி. என்பது அதுதான். நூறு கிலோ பாலில் 33 வர வேண்டிய இடத்தில் 31 என்று எழுதினால் இரண்டு கிலோ ரப்பர் போயிற்று. கிலோ 150 ரூபாய் என்றால் 300 ரூபாய். அம்மா தினமும் வந்து, நம்ம பாலு இப்ப ஏன் இவ்வளவு தண்ணியா இருக்கு என்று மரத்தைத்தான் குறை சொல்வார்.

அந்த வருஷப் பொதுக்குழுவில் இவர் ஆடிட்டராக வந்திருந்தார். வழக்கமாக வரவு செலவை வாசிப்பார்கள், எல்லோரும் கை தூக்குவார்கள், டீயும் வடையும் வரும். இவர் வரவு செலவை ஓரமாக வைத்துவிட்டு டி.ஆர்.சி. நோட்டைக் கேட்டார். கொண்டுவரவே அரைமணி நேரம் ஆயிற்று. கையில் ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தார். அதை வரிக்கு அடியில் வைத்து ஒவ்வொரு தேதியாக வாசித்தார். பெண்கள் கொண்டுவரும் பாலுக்கு மட்டும் இரண்டு, மூன்று புள்ளி குறைவாக இருந்தது. கணவனோ மகனோ கொண்டுவந்த நாளில் அதே வீட்டுப் பால் 34, 35. எங்கள் வீட்டுக்கு மாமா கொண்டுபோன நாலு நாளும் 34. அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வித்தியாசத்தைக் கூட்டிப் போட்டு, இந்தத் தொகையை உரியவர்களுக்குக் கொடுக்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மாதத்தில் பணம் வந்தது.

அப்படிப்பட்டவர் ஒரு வேலைக்குப் போனதும் நம்மை விற்றுவிடுவார் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெட்டுக்கத்தி:

அக்கா, உங்கள் அம்மாவுக்கு நடந்ததும் பெரிய அநியாயம், அவர் செய்ததும் பெரிய காரியம். மறுக்கவில்லை. அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்பது வேறு.

பால்வெட்டுக்காரன் நான். காலையில் நாலு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மழை பெய்தால் வேலை இல்லை, கூலியும் இல்லை. தோட்டக்காரர் மேடையில் பேசினாலும் ஆலைக்காரர் மேடையில் பேசினாலும் எங்கள் கூலி அவர்களுக்குச் செலவுக் கணக்கில் ஒரு வரி. பேரூராட்சித் தலைவராக ஐந்து வருஷம் இருந்தாரே, எங்களுக்காக என்ன செய்தார் என்று யாராவது சொல்லுங்கள்.

தக்கலை வாத்தியார்:

கொஞ்சம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கணக்கர்கள் அரசியலுக்கு வந்து நம் மாவட்டத்தைத் தொட்டுப்போன கதை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

சுரேஷ் பிரபு. சி.ஏ. படித்தவர். சாரஸ்வத் கூட்டுறவு வங்கியின் தலைவராக இருந்துவிட்டு, 1996-இல் கொங்கணத்தின் ராஜாபூரில் நின்று எம்.பி. ஆனார். தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தார், 2009-இல் தோற்றார். வாஜ்பாய் ஆட்சியில் மின்சார அமைச்சர். 2014 நவம்பரில் ரயில்வே. நமக்கு முக்கியம் இங்கேதான். அவர் போட்ட 2015-16 ரயில்வே பட்ஜெட்டில்தான் மணியாச்சி-நாகர்கோவில் 102 கிலோமீட்டரும் திருவனந்தபுரம்-கன்னியாகுமரி 87 கிலோமீட்டரும் இரட்டைப்பாதைப் பட்டியலில் வந்தன. 1979-இல் இந்தப் பக்கம் ரயில் வந்த நாளிலிருந்து ஒற்றைப்பாதையில் கிராசிங்குக்குக் காத்துக் கிடந்தவர்கள் நாம். மணியாச்சிப் பாதை 2024-இல்தான் முடிந்தது. ஆனால் தொடக்கம் அங்கே. அந்தக் காலத்தில் ரயில்வேக்கு எல்.ஐ.சி.யிடமிருந்து ஐந்து வருஷத்தில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் கடன் பெற ஒப்பந்தம் போட்டார். பட்ஜெட் பணம் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல், கடன் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று தேடுவது கணக்குப் படித்தவர் செய்கிற காரியம்.

2017 செப்டம்பரில் அவர் வர்த்தகத்துக்கு மாறினார், ரயில்வேக்கு வந்தவர் பியூஷ் கோயல். அவரும் சி.ஏ. 2019-இல் வர்த்தகத்துக்கும் அவரே வந்தார். ரப்பர் வாரியம் வர்த்தக அமைச்சகத்தின் கீழேதான் இருக்கிறது. ஆக 2017-இலிருந்து நம் ரப்பருக்கு மேலே உட்கார்ந்திருந்தவர்கள் வரிசையாக இரண்டு கணக்கர்கள்.

கணக்குப் படித்தவர்கள் அரசாங்கத்துக்குள் வரட்டும் என்பதுதான் என் கட்சி. சட்டமன்றத்தில் பொது நிறுவனங்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. நம் மாவட்டத்து அரசு ரப்பர் கழகத்தின் ஐந்தொகையை அங்கே வைத்தால் அதைப் புரட்டிக் கேள்வி கேட்க எத்தனை உறுப்பினர்களுக்குத் தெரியும்?

மேல்புறத்துக்காரன்:

வாத்தியார் ஐயா, நீங்களே எனக்கு வழக்கை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். சுரேஷ் பிரபு வர்த்தக அமைச்சராக இருந்த 2017, 2018-இல் ஷீட் விலை என்ன? 120, 130 ரூபாயை ஒட்டித்தான் கிடந்தது. காம்பவுண்ட் ரப்பர் சந்து அப்போதும் திறந்தே இருந்தது. கணக்கர் வந்து என்ன ஆயிற்று?

பேரேடு:

அண்ணன், ஒரு திருத்தம். சுங்கவரியை நிர்ணயிப்பது நிதி அமைச்சகம். வர்த்தக அமைச்சகம் சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான். 2018 பட்ஜெட்டில் முந்திரிக் கொட்டைக்கு வரியை 5-இலிருந்து 2.5 ஆகக் குறைத்ததும் நிதி அமைச்சகம்தான். நம் அண்டி ஆபீசுகளுக்கு அது உதவியாக இருந்தது. ரப்பருக்கு அப்படி நடக்கவில்லை என்பது உண்மை. அதை ஒரே ஆளின் தலையில் கட்ட வேண்டாம் என்கிறேன். ஷீட் விலை 2024 ஆகஸ்டில் 240-ஐத் தாண்டியதே, அதற்காக எந்த அமைச்சருக்காவது மாலை போட்டோமா? தாய்லாந்தில் மழை, உலகச் சந்தை என்றுதானே சொன்னோம்.

தக்கலை வாத்தியார்:

அது நியாயம்.

முட்டம் கடற்கரை:

மீன்பிடிக்காரன் நான், ரப்பர் தெரியாது. ஆனால் எங்கள் அனுபவம் ஒன்று சொல்கிறேன். 1969-இல் நம் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி, அதன் எம்.பி. மார்ஷல் நேசமணி இறந்த பிறகு நடந்த இடைத்தேர்தலில் காமராஜரை டெல்லிக்கு அனுப்பியது. என் தாத்தா கடைசிவரை அதைப் பெருமையாகச் சொல்வார். காமராஜர் எந்தக் கணக்குப் பரீட்சையும் எழுதவில்லை. 1963-இல் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கியபோது எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். எனக்கு அளவுகோல் அதுதான். பதவியை விட்ட பிறகு எங்கே போய் உட்காருகிறார் என்று பார்ப்பேன்.

பேரேடு:

காமராஜரை அளவுகோலாக வைத்தால் இன்றைக்கு யாரும் நிற்க முடியாது. அவருக்கு மனைவி, மக்கள் இல்லை. இவருக்கு இரண்டு பிள்ளைகள், படிப்புக் கடன். அரசியலில் ஐந்து வருஷம் இருந்ததில் பிராக்டிஸ் பாதியாகப் போனது. பயிற்சிக்கு இருந்த ஆர்டிகிள் பையன்கள் போய்விட்டார்கள், பழைய வாடிக்கையாளர்கள் வேறு ஆடிட்டரிடம் போய்விட்டார்கள். எங்கள் தொழிலில் விட்ட இடத்தை மறுபடி பிடிப்பது லேசில்லை. பேரூராட்சித் தலைவருக்குப் பென்ஷனும் கிடையாது. அவர் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

மேலும் ஒன்று. அவர் தலைவராக இருந்தபோது, அவர் முன்பு கணக்குப் பார்த்த ஒரு ஆலையின் தொழில் உரிமம் மன்றக் கூட்டத்துக்கு வந்தது. அந்த விஷயம் வந்ததும் துணைத்தலைவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது. பேரூராட்சி அளவில் அப்படிச் செய்தவரை நான் வேறு பார்த்ததில்லை.

மேல்புறத்துக்காரன்:

வெளியே போய் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்தது நல்லது.

ஆனால் அதையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அரைமணி நேரத் தீர்மானத்துக்கு வெளியே போய் நிற்க வேண்டும் என்று தோன்றிய ஒருவருக்கு இந்த வேலைக்கு முன்னால் ஒரு வருஷமாவது வெளியே நிற்க வேண்டும் என்று தோன்றவில்லையா?

எது என்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். இறக்குமதி வரி மேடைப்பேச்சு சின்ன விஷயம். இருபத்தைந்து வருஷமாக எங்கள் சங்கங்களின் கணக்கு அவர் கையில் இருந்தது. எந்தச் சங்கத்துக்கு எந்த வங்கியில் எவ்வளவு கடன், ஓவர்டிராப்ட் எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், எந்தச் சங்கம் சரக்கைப் பிடித்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும், எது பத்தாம் நாளே கிடைத்த விலைக்கு இறக்கிவிடும், எல்லாம் அவருக்குத் தெரியும். சரக்கு வாங்குகிறவனுக்கு இதைவிட வேறு என்ன தெரிய வேண்டும்? விலையை இரண்டு வாரம் அழுத்திப் பிடித்தால் போதும், நாங்கள் ஒவ்வொருவராக இறங்கிவிடுவோம். 2016-இல் நாங்கள் தள்ளிவிட்டது இப்படித்தான்.

அவர் ஒரு பேப்பரைக்கூட அவர்களிடம் காட்ட வேண்டியதில்லை. கொள்முதல் எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்கிற கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். அவர் மனசறிந்து செய்வார் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தது தெரிந்ததுதானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

அருமனைக்காரி:

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையாகவே யோசிக்க வேண்டிய விஷயம். அம்மாவிடமும் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பேரேடு:

நேற்றிரவு இதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதாமல் விட்டேன்.

இரகசியம் காப்பது கடமை என்று முதலில் எழுதியிருந்தேன். அது வெளியே சொல்வதைத்தான் தடுக்கும் என்று நீங்கள் சொல்வது சரிதான். சொல்லாமலே அந்த அறிவு ஒரு முடிவுக்குள் நுழைந்தால் யாராலும் பிடிக்க முடியாது. என் வாடிக்கையாளர் ஒருவரின் போட்டியாளர் என்னைக் கணக்குப் பார்க்கக் கூப்பிட்டபோது நான் இதே காரணத்துக்காக மறுத்திருக்கிறேன்.

ஆனாலும் வாழ்நாள் முழுக்க அவர் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றால் ஏற்க மாட்டேன். எங்கள் சட்டத்திலேயே இதற்கு ஒரு முறை இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டம் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகளுக்கும் சொல்வது: தனி ஆடிட்டர் ஐந்து வருஷம்தான் இருக்கலாம், நிறுவனமாக இருந்தால் ஐந்தைந்தாக இரண்டு தவணை. அப்புறம் ஐந்து வருஷம் அந்தக் கம்பெனிப் பக்கம் ஆடிட்டராகத் திரும்பி வரக்கூடாது. பழக்கம் கண்ணை மறைக்கும் என்பதற்காக வைத்த இடைவெளி. ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு வருஷத்துக்குள் தனியார் வேலைக்குப் போக வேண்டும் என்றால் அரசின் அனுமதி வாங்க வேண்டும். கனடாவில் அமைச்சராக இருந்தவர் பதவி விட்ட பிறகு ஐந்து வருஷத்துக்கு அரசிடம் போய்த் தொழில்துறைக்காகப் பரிந்து பேச முடியாது, 2008 முதல் அப்படிச் சட்டம். நம் நாட்டில் அமைச்சருக்கு அப்படி எதுவும் இல்லை, எம்.எல்.ஏ.வுக்கு இல்லை, பேரூராட்சித் தலைவருக்குக் கேட்கவே வேண்டாம்.

கணக்குப் பார்ப்பவனுக்கு ஐந்து வருஷம், சட்டம் போடுகிறவனுக்கு ஒரு நாள்கூட இல்லை. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் வருகிறேன்.

வெட்டுக்கத்தி:

ஆலைக்காரர்கள் அமைப்பு என்றால் டீ குடித்துவிட்டுக் கலையும் கூட்டம் என்று நினைக்காதீர்கள். ஐந்து பெரிய டயர் கம்பெனிகளும் அவர்களுடைய சங்கமும் சேர்ந்து விலையை நிர்ணயித்தார்கள் என்று போட்டி ஆணையம் அபராதம் போட்டது. 2018-இலேயே எழுதிய உத்தரவு, 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. மொத்தம் 1,788 கோடி ரூபாய்.

பேரேடு:

அதே 2022 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மறுபடி விசாரிக்கச் சொல்லி ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி. அந்த வழக்கு டயர் விலையைப் பற்றியது, ரப்பர் வாங்கும் விலையைப் பற்றியது இல்லை. இவர் போயிருக்கும் அமைப்பும் வேறு. கையுறை, ரப்பர் நூல், பாய் செய்கிற சின்ன ஆலைகள்தான் அதில் அதிகம். நம் மாவட்டத்திலேயே பல இருக்கின்றன. அவற்றில் நம் பெண்கள்தான் வேலை பார்க்கிறார்கள். அந்த ஆலைகள் மூடினால் நம் பாலை யார் வாங்குவார்கள்?

வெட்டுக்கத்தி:

சரி, சின்ன ஆலை என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் மனைவியும் கையுறை ஆலையில்தான். ஆனால் சங்கமாகச் சேர்ந்து உட்கார்ந்தால் விலை பேசத் தோன்றும் என்பது சின்ன ஆலைக்கும் பொருந்தும். அவர் அந்தக் கூட்டத்தில் இருப்பார் என்பதுதான் கவலை. என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அருமனைக்காரி:

அண்ணன், நான் விசாரித்தேன். உங்கள் கேள்விக்காகவே பக்கத்து வார்டு முன்னாள் உறுப்பினரிடம் கேட்டேன். பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருக்கிற இரண்டு குடியிருப்புகளுக்குக் குழாய்த் தண்ணீர் அவர் காலத்தில்தான் போயிருக்கிறது. விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டு என்ன பிரயோஜனம் என்று சொல்லி, பம்ப் ஓடும் நேரத்தை மாலைக்கு மாற்றியிருக்கிறார். கூலி விஷயத்தில் அவர் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

வெட்டுக்கத்தி:

தண்ணீர் நேரம் மாறியது எங்கள் குடியிருப்பில்தான். அவர் செய்தார் என்று இன்றைக்குத்தான் தெரியும். யாரோ பம்ப் ஆப்பரேட்டர் தயவு என்று நினைத்திருந்தேன். நன்றி அக்கா.

கூலிக் கேள்வி இருக்கட்டும். அதை நானே கேட்டுக்கொள்கிறேன்.

தக்கலை வாத்தியார்:

எனக்கு ஒரு யோசனை. நாம் இங்கே எழுதிக்கொண்டிருப்பதை அவர் படிக்கப்போவதில்லை. அவரிடமே நாலு விஷயம் எழுத்தில் கேட்டால் என்ன? குற்றச்சாட்டாக இல்லை, நம் ஊர்க்காரர் என்ற உரிமையில். அவர் கணக்குப் பார்த்த சங்கங்களின் கொள்முதல் விலை, அளவு பற்றிய பேச்சில் இரண்டு வருஷத்துக்கு உட்காராமல் இருப்பாரா என்பது ஒன்று. இறக்குமதி வரியில் அமைப்பு கொடுக்கும் மனு எதுவானாலும் அதை வெளியிடுவாரா என்பது இன்னொன்று. மற்றதை நீங்கள் சொல்லுங்கள்.

மேல்புறத்துக்காரன்:

முதலாவதற்கு அவர் சம்மதித்தால் எனக்குப் பாதிப் பாரம் இறங்கும். வேலையை விட்டுவிட வேண்டும் என்றுதான் எழுத நினைத்து இந்தப் பேச்சைத் தொடங்கினேன். இப்போதும் ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன், அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

பேரேடு:

நான் எழுதித் தருகிறேன். இரண்டு வருஷம் என்பதை ஐந்து என்று போடலாமா? எங்கள் சட்டத்தில் அதுதான் அளவு.

தக்கலை வாத்தியார்:

ஐந்து கேட்டால் முடியாது என்பார். இரண்டு கேட்போம்.

பேரேடு:

இல்லை சார், ஐந்தே கேட்போம். அவர் ஆடிட்டராக இருந்தவர், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்ததும் புரிந்துகொள்வார்.

வெட்டுக்கத்தி:

மூன்றாவதாக என்னுடையதைச் சேருங்கள். அமைப்பில் உள்ள ஆலைகள் பால் வாங்கும் சங்கங்களில் டி.ஆர்.சி. நோட்டைப் பால் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே பார்க்கலாம் என்று ஒரு பலகை வைக்கச் சொல்ல வேண்டும். கூலிக்கு வெட்டுகிறவன் கொண்டுபோனாலும் காட்ட வேண்டும்.

அருமனைக்காரி:

அதற்கு முதல் கையெழுத்து அம்மாவுடையது. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கப் பொதுக்குழு, பத்தரை மணிக்கு. அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். தபாலில் அனுப்ப வேண்டாம், கடிதத்தை அங்கேயே கையில் கொடுக்கலாம். அந்தப் பழைய நோட்டு இன்னும் சங்க அலமாரியில்தான் இருக்கிறது. எடுத்து மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேல்புறத்துக்காரன்:

வருகிறேன். களியல் பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.